புராஸ்டேட் புற்றுநோய்: அம்மா வழியையும் கேளுங்கள்

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு 58 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. எனக்கு 43. எனக்கும் வந்தே தீருமா?

பதில்: அப்படி இல்லை. புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கான ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அண்ணன் தம்பிக்கு வந்திருந்தால் இன்னும் சற்றுக் கூடும். வராமலே போகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் 50 வயதுவரை காத்திருக்க வேண்டாம். அந்தச் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றி இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பா வழியில் யாருக்கும் இந்த நோய் இல்லை. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய். ஆண்பிள்ளைகளான எங்களுக்கு அதனால் என்ன?

பதில்: இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. குடும்பத்தில் யாருக்குப் புற்றுநோய் என்று விசாரித்தால் சித்தப்பா, பெரியப்பா, தாத்தா என்று வரிசையாகச் சொல்வார்கள். பெரியம்மாவைப் பற்றிக் கேட்டால், "அது பெண்கள் நோய்தானே" என்பார்கள். இந்த ஒரு சொல்லால் எத்தனையோ ஆண்களின் ஆபத்து கண்ணில் படாமலே போகிறது.

பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அறுந்துபோன டி.என்.ஏ. இழையைப் பழுதுபார்ப்பது அதன் வேலை. தாயிடமோ தந்தையிடமோ அந்த மரபணுவில் பிறழ்வு, அதாவது கோளாறான மாற்றம், இருந்தால், மகனானாலும் மகளானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவிடம் மார்பகத்திலோ சினைப்பையிலோ தலைகாட்டிய அதே பிறழ்வு, மகனிடம் புராஸ்டேட்டில் வரலாம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இப்பிறழ்வு உள்ள ஆண்களில் 75 வயதுக்குள் சுமார் 27 சதவீதம் பேருக்கும், 85 வயதுக்குள் சுமார் 60 சதவீதம் பேருக்கும் புராஸ்டேட் புற்றுநோய் வரக்கூடும். வேகமாகப் பரவும் வகையாகவும் அது இருக்கக்கூடும். முதலில் அம்மாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். அவரிடம் பிறழ்வு தெரிந்தால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் அதை மட்டும் தேடிப் பார்த்தால் போதும்.

கேள்வி: எனக்குப் பிறழ்வு இல்லை என்று முடிவு வந்துவிட்டது. இனி நிம்மதிதானே?

பதில்: குடும்பத்தில் ஏற்கெனவே கண்டறிந்த பிறழ்வு உங்களிடம் இல்லை என்றால், நிம்மதியில் பெரும்பங்கு நியாயமே. நோய் வந்த உறவினர் யாருமே பரிசோதித்துக்கொள்ளாத நிலையில், அந்த முடிவு பாதி விடைதான். ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவே ஆபத்தைக் கூட்டும் நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகளும் உண்டு. டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளின் இரட்டையர்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயின் ஆபத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 57 சதவீதத்துக்கு மரபே காரணம் என்று கணித்தது. ஒருவருக்கு நோய் வர 57 சதவீத வாய்ப்பு என்று இதைப் படித்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நோய் எலும்புக்குப் பரவிவிட்டது. இந்த நேரத்தில் மரபணுப் பரிசோதனை எதற்கு?

பதில்: இந்த நேரத்தில்தான் அது மிகவும் தேவை. இப்படிப் பரவிய நோயுள்ள 692 ஆண்களைப் பரிசோதித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், ஏறக்குறைய 12 சதவீதம் பேரிடம் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பரம்பரைப் பிறழ்வு இருந்தது. பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு தெரிந்தால் ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் அவருக்குப் பலன் தரலாம். உங்கள் தங்கை மார்பகப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதற்கும் அந்த முடிவே வழிகாட்டும். அப்பா தெம்பாக இருக்கும்போதே ரத்த மாதிரியைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.