அலியின் வயிறு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொல்லி ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் ‘பயம் ஆன்மாவைத் தின்னும்’ (1974) படம் பார்த்தேன். மியூனிக்குக்கு வேலைக்கு வந்த மொராக்கோக்காரன் அலி, அறுபதைத் தொட்ட துப்புரவுப் பணியாளர் எம்மியை மணக்கிறான். எம்மி மனதில் நிற்கிறாள். அலி அதிகம் பேசுவதே இல்லை. பேசினாலும் அரைகுறை ஜெர்மன். கேமரா அவன் உடம்பைத்தான் பார்க்கிறது. வெள்ளைக்கார இயக்குநர் அந்நியனைக் காட்டும் வழக்கமான விதம்தானே? இன்று இதைக் கொண்டாடலாமா?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடிதம் வந்தபோது அடுப்பில் ரவை வறுத்துக்கொண்டு அந்தப் படத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அரைகுறை ஜெர்மனை விடுங்கள். படத்தின் மூலத் தலைப்பே அந்த அரைகுறை ஜெர்மன்தான். வெள்ளைக்கார இயக்குநரையும் விடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் திட்டிக்கொண்டு வீட்டில் கிடக்கும் எம்மியின் சோம்பேறி மருமகனாக நடித்திருப்பவர் அவரேதான்.

அலி பேசவில்லை என்கிறீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. வசனத்தை எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருந்தீர்கள்? அவன் தன் ஊர்ச் சாப்பாடான குஸ்குஸ் கேட்கிறான் ஐயா! எம்மிக்கு அது பிடிக்காது. ஜெர்மனி வழக்கத்துக்குப் பழகிக்கொள் என்கிறாள். அக்கம்பக்கமும் பெற்ற பிள்ளைகளும் முகம் திருப்பியபோது அவனோடு நின்றவள். அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்ததும், தோழிகளை அழைத்து அவன் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். நீங்கள் குற்றம் சொல்லும் அந்தப் பார்வையை ஃபாஸ்பிண்டர் அங்கே நடுக்கூடத்தில் வைத்து நமக்குக் காட்டுகிறார். அலி எழுந்து போய்விடுகிறான்.

ஜெர்மனியில் ஒருமுறை ஆறு வாரம் ஓர் அம்மாள் வீட்டில் தங்கியிருந்தேன். தங்கமான மனுஷி. என் ஷூ நனைந்தால் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து ஹீட்டர் பக்கம் வைப்பார். ஒருநாள் உப்புமா கிளறினேன். கடுகு வெடித்ததும் ஓடிவந்தவர், டிசம்பர் குளிரில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டை அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். அப்புறம் ஊர் திரும்பும்வரை நான் தாளிக்கவே இல்லை. குஸ்குஸும் ரவைதான், கே.

கடைசியில் அலி சுருண்டு விழுவது எதனால்? வயிற்றுப் புண். இந்தத் தொழிலாளர்களுக்கு இது அடிக்கடி வருகிறது, அறுத்து அனுப்பினாலும் ஆறு மாதத்தில் திரும்பி வருவார்கள் என்கிறார் டாக்டர். இதற்குமேல் அவன் என்ன வசனம் பேச வேண்டும்?

அலியாக நடித்த எல் ஹெடி பென் சலேமைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். ஃபாஸ்பிண்டரின் காதலராக இருந்தவர். பிரான்சில் ஒரு சிறையில் செத்துப்போனார். நீங்கள் அதைக் கேட்கவில்லை.

யோலாண்டாவையும் விட்டுவிட்டீர்கள். எம்மி வேலை செய்யும் இடத்தில் புதிதாகச் சேரும் யூகோஸ்லாவியப் பெண். சம்பளம் மற்றவர்களைவிடக் குறைவு. தன்னை ஒதுக்கிய அதே தோழிகளோடு எம்மி இப்போது கூடி உட்கார்ந்து சம்பள உயர்வு பேசுகிறாள். யோலாண்டா மாடிப்படியில், கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால், தனியாக இருக்கிறாள். முன்பு எம்மி உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான். யோலாண்டாவுக்கு வசனம் அலியைவிடவும் குறைவு.

அன்புடன்.