மாரடைப்புக்குப் பிறகு – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 56, லோரி ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். இவரோ யாரிடமும் பேசுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து ஹாலில் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாடு பிடிக்கவில்லை, பேரப்பிள்ளை மேல் எரிந்து விழுகிறார். 'கடவுள் உயிரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், சந்தோஷமாக இருங்கள்' என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். மருந்தினால் இப்படி ஆகிறதா? நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த 'சந்தோஷமாக இருங்கள்' என்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் சம்பாத்தியம் போயிற்றே, மறுபடி நெஞ்சு வலித்தால் என்ன ஆகும் என்று உள்ளுக்குள் அரிக்கப்படுகிறவருக்கு, சோகமாக இருப்பதே ஒரு குற்றம்போல் ஆகிவிடும்.

நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் மனச்சோர்வின் அடையாளங்கள். மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது கடுமையாகவே வருகிறது. கவனிக்காமல் விட்டால் இருதயத்துக்கும் ஆபத்து கூடும். ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீரைப் போல இதையும் ஓர் ஆபத்துக் காரணியாகக் கருத வேண்டும் என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. ஆகவே அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு நீங்களும் கூடப் போங்கள். எனக்கு எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். நம் ஆண்கள் அந்த அறையில் 'ஓகே டாக்டர்' என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள்.

மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். இருதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையால் சிலருக்கு அசதியும் கெட்ட கனவுகளும் வரலாம். மனச்சோர்வுக்கே அதுதான் காரணம் என்ற பழைய எண்ணத்தைப் பிந்தைய ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. எதுவானாலும் அவராக எதையும் நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விட்டால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் பயப்படாதீர்கள். செர்ட்ராலின் என்ற மருந்தை இருதய நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்து, பாதுகாப்பானது என்று 2002இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு சேரும்போது ரத்தக்கசிவு கூடலாம் என்பதால், இருதய டாக்டருக்குத் தெரியாமல் வேறு கிளினிக்கில் வாங்க வேண்டாம்.

'அன்றே போயிருக்கலாம்' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் உடனே எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள். மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 24 மணி நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் பேசுவார்கள், நீங்களும் பேசலாம்.

அப்புறம், கார்டியாக் ரிஹாப் என்ற இருதய மறுவாழ்வுப் பயிற்சி பற்றி அவசியம் கேளுங்கள். நெஞ்சில் ஈசிஜி வயரைப் பொருத்தி, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடுவார்கள். தன் இருதயம் தாங்குகிறது என்பதை அவரே பார்ப்பார். நாம் ஆயிரம் சொன்னாலும் அந்தத் தைரியம் வராது. தன்னைப் போலவே பயந்துபோன நாலு பேரையும் அங்கே சந்திப்பார். டாக்டர் சரி என்றதும் தித்திவங்சா ஏரிப் பக்கம் காலையில் இருவரும் நடங்கள். பேச்சு தானாக வந்தால் வரட்டும். காரைக் கழுவக்கூட விடாமல் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள்.

மறுபடி லோரி ஓட்டலாமா, எப்போது என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அது தெரியாமல் இருப்பதே அவரைப் பாதி தின்றிருக்கும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியிருந்தால் இயலாமைப் பென்ஷன், வேலைக்குத் திரும்பும் திட்டம் இரண்டைப் பற்றியும் அவர்கள் அலுவலகத்தில் விசாரியுங்கள்.