லேப்ராஸ்கோப்பியில் குடலிறக்க வலையை எங்கே வைக்கிறார்கள்?

அம்மாவுக்குத் தொப்புளருகே குடலிறக்கம், பாலிகிளினிக்கிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவைசிகிச்சை) வைக்கும் செயற்கை வலை குடலில் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். வயிற்றுக்குள்ளிருந்தே சுவரில் பதிக்கும் முறையில் வலை குடலைப் பார்த்தபடி இருக்கும், அதனால் அந்தப் பக்கம் ஒட்டாத பூச்சு கட்டாயம் வேண்டும். முடிந்தால் வயிற்றுச் சுவரில் குடல் பிதுங்கும் ஓட்டையைத் தைத்து மூடிவிட்டு, எல்லாப் பக்கமும் சுமார் 5 சென்டிமீட்டர் தாண்டும்படி வலையை விரித்து, சின்னத் திருகாணி மாதிரியான பிடிப்பான்களாலும் தையலாலும் நிறுத்துவார்கள். அறுவைசிகிச்சைக்காக வாயு நிரப்பி ஊதிய வயிற்றில் ஓட்டை பெரிதாகத் தெரியும் என்பதால் வாயுவைக் குறைத்துவிட்டுத்தான் அளப்பார்கள்.

இன்னொரு முறை, வலையை வயிற்றுத் தசைக்குப் பின்னால் வைப்பது. குடல் படாது, பூச்சில்லாத பாலிபுரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) வலை போதும், ஆனால் கைப்பழக்கம் நிறைய வேண்டும். என் அப்பாவுக்கு இங்கே செய்தபோது மருத்துவர் டிஷ்யூ தாளை மடித்து மடித்துக் காட்டித்தான் புரியவைத்தார். நீங்களும் கூச்சப்படாமல் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.