வயிற்றுக்காக வேலை செய்தே ஆக வேண்டுமா?

"உயிர் வாழ மனிதன் வேலை செய்துதான் ஆக வேண்டுமா? மாதாமாதம் அரசே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் எல்லோரும் சோம்பேறியாகிவிட மாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் தை, மாசியில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கும். என் அம்மாவைத்தான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. லீவுக்கு லீவு ஊருக்கு வருவேன். புளி சீசனில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்த வேலை நடக்கும். வியாபாரி டெம்போவில் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைக்கணும், நாரை உருவணும், கல்லின் மேல் வைத்துத் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுக்கணும். கூலி கிலோ கணக்கு. மழை மேகம் வந்தால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். சீசன் முடிவதற்குள் அம்மாவின் கட்டைவிரல் நகம் கறுத்து, விரல் நுனித் தோல் வெடித்துவிடும். ரசத்துக்குப் புளி கரைத்தால்கூட சுரீர் என்று எரியும் என்பார்.

2023 செப்டம்பரிலிருந்து அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. (அதற்கான விண்ணப்ப முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்ததே எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான்.) பணம் வந்ததும் புளி தட்டுவதை விட்டாரா? இல்லை. ஒரே ஒரு வியாபாரியை மட்டும் விட்டார். அந்த ஆள் மூட்டை இறக்கும்போது ஒரு எடை போடுவார், திரும்ப எடுக்கும்போது வேறு ஒரு எடை போடுவார். கேட்டால், "வெயில்ல காய்ஞ்சு போச்சும்மா" என்பார். இத்தனை வருடமும் அது தெரிந்தேதான் அம்மா அவருக்குத் தட்டிக் கொடுத்தார். ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிறது, சரி. எண்ணெயும் கேஸும் சும்மா கிடைக்குமா? ஆயிரம் ரூபாயில் குடும்பம் ஓடாது. ஆனால் ஒரு ஆளைப் பார்த்து "உன் வேலை வேண்டாம், கெளம்பு" என்று சொல்ல அது போதுமாக இருந்தது.

ஆக, வேலை என்பது ஒன்று. வயிற்றைக் காட்டி மிரட்டி வாங்குகிற வேலை இன்னொன்று. மனிதன் சும்மா இருக்க மாட்டான், முதலாவது நடந்துகொண்டேதான் இருக்கும். இரண்டாவது ஒழியட்டும் என்பதுதான் என் கட்சி.

எங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொன்னால் கோபம் வந்துவிடும். காவேரிப்பட்டணம் பக்கம் அவருக்கு மாந்தோப்பு. "நூறு நாள் வேலை வந்ததுல இருந்து காய் பறிக்க ஆளே வர்றதில்லடா. எல்லாம் ஏரியில போயி மரத்தடியில உக்காந்துக்கறாங்க" என்பார். மரத்தடியில் உட்கார்ந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2005-ல் வந்த அந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று இருந்தது. எங்கள் பக்கத்துக் காடு கழனியில் அப்படி யார் கொடுத்தார்கள்? பெரியப்பா சொல்லும் வாக்கியத்தில் ஒரு துண்டு விட்டுப்போகிறது: நான் கொடுக்கிற கூலிக்கு ஆள் வருவதில்லை. இரண்டு சீசன் முனகிவிட்டு அவரே கூலியை ஏற்றினார். ஆள் வந்தார்கள்.

ஒரு வீட்டுக் கதையை வைத்து நாட்டுக்கு நியாயம் பேசக் கூடாதுதான். 2011-12-ல் மத்தியப் பிரதேசத்தில் சில கிராமங்களில் எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சேவா என்ற பெண்கள் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு நடத்தியது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், பிறகு 300. பிள்ளைகளுக்கு அதில் பாதி. எந்த நிபந்தனையும் கிடையாது. அங்கே வேலை குறையவில்லை. அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன பலர் தங்கள் துண்டு நிலத்தில் பாடுபட ஆரம்பித்தார்கள். விதை, உரம் வாங்கக் கையில் காசு இருந்தது, அவ்வளவுதான். கையில் காசில்லாமல் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அப்புறம், சோம்பேறிகள். இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு சித்தப்பா இருக்கிறார். மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்து பணம் அனுப்ப ஆரம்பித்ததும் திண்ணையில் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், மகன் சம்பாதிப்பதற்கு முன்பும் அவர் அதே திண்ணையில்தான் இருந்தார். அப்போது சித்தி சோறு போட்டார். பட்டினி போட்டுத் திருத்த முடிகிற கேஸ் இல்லை அது.

உழைத்தால்தான் சோறு என்று சொல்பவர்கள், உழைத்தால் சோறு நிச்சயம் என்றாவது சொல்ல வேண்டும் இல்லையா? பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுகிற நாளில் வந்து பாருங்கள். பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல், மூன்று மாதம் பாடுபட்டதைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒகேனக்கல்லில் காவிரியில் தண்ணீர் கூடினால் பரிசல் ஓட்டத் தடை. ஓட்டுகிறவருக்குக் கை இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, அன்றைக்கு வருமானம் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வருவதற்கு முன் ஃப்ளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரையே குடித்து, முட்டி மடக்க முடியாமல் போனவர்கள் எங்கள் பக்கம் உண்டு. இவர்கள் எல்லாம் உழைத்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம். பத்து வீட்டு வாடகை வாங்கிச் சாப்பிடுகிறவரை மட்டும், "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்" என்று யாரும் கேட்பதில்லை. (தகடூர் என்பது இன்றைய தர்மபுரிதான். அதியமான் நெல்லிக்கனியைக் கொடுக்கும்போது அவ்வையிடம் வேலை நாள் கணக்குக் கேட்டதாகக் கதை இல்லை.)

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையிலேயே இதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி, ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இருக்கிற மானியங்களுக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம் என்ற யோசனையும் அதில் உண்டு. அங்கேதான் எனக்கு உதறுகிறது. ரேஷன் கடையை மூடிவிட்டுக் கையில் பணம் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். அரிசி விலை ஏறும்போது அந்தத் தொகையும் ஏறும் என்று நான் நம்பவில்லை.

போன மாசியில் நான் ஊரில் இருந்தபோது அதே பழைய வியாபாரியின் டெம்போ வாசலில் வந்து நின்றது. "கூலி ஏத்துனா மூட்டைய எறக்கு, இல்லன்னா அப்பிடியே கெளம்பு" என்றார் அம்மா. வண்டி கிளம்பி எதிர்வீட்டு வாசலில் நின்றது. அந்த அக்காவின் உரிமைத் தொகை விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. காரணம், குடும்ப அட்டையில் இருக்கும் கொழுந்தனார் பெயரில் ஒரு டிராக்டர் ஓடுகிறது. பழைய கூலிக்கே நான்கு மூட்டை இறங்கியது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவரே தன் கல்லைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, சீரியல் நேரம் வரைக்கும் அந்த அக்காவோடு சேர்ந்து தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.