பழைய நிரலில் கைவைப்பது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். மாலை நேரங்களில், லினக்ஸ் சர்வர்களில் பின்னணியில் ஓடும் யாரும் மூல நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு திறமூலச் சேவை மென்பொருளுக்குப் பங்களித்து வருகிறேன். சி மொழியில் எழுதப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பழையது. புதிய வசதிகளை எழுத நிறையப் பேர் வருகிறார்கள். எனக்கு அதைச் சுத்தம் செய்வதில்தான் விருப்பம். யாரும் அழைக்காத ஃபங்ஷன்கள், ஒரே வேலையை மூன்று இடங்களில் செய்யும் பகுதிகள், எப்போதோ நின்றுபோன இயங்குதளங்களுக்கான இஃப்டெஃப்கள் (குறிப்பிட்ட இயங்குதளத்தில் மட்டும் சேர்க்கப்படும் நிரல் பகுதிகள்) ஆகியவற்றைத் தேடி நீக்கி, அந்தத் திருத்தங்களைப் பேட்ச்களாக அனுப்புகிறேன். பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடுகின்றன. "ஓடிக்கொண்டிருக்கிறது, ஏன் தொட வேண்டும்?" என்பதே, திருத்தங்களை ஏற்பதா என்று முடிவு செய்யும் பராமரிப்பாளரின் பதில்.

மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்காலைத் தூர் வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மென்பொருளில் இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் இது விளங்குவதில்லை? இதற்கிடையில், பதிவுகளை வட்டில் எழுதும் பகுதிக்கு நான் பராமரிப்பாளராக வேண்டும் என்று அதே மனிதர் கேட்கிறார். என் பேட்ச்களை ஏற்காதவர் என்னை எதற்குப் பொறுப்பேற்கச் சொல்கிறார்? நான் ஏற்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்), மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

தூர் வாருவதை நீங்களே எடுத்துக்காட்டியதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வாராத வாய்க்கால் கடைமடையைக் காயப்போடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜூன் 12க்கு முந்தைய கோடை வாரங்களில் நம் விவசாயிகள் பொக்லைன் ஓட்டுபவரிடம் வாக்குவாதம் செய்வது, வாரவில்லை என்பதற்காக மட்டுமன்று. மட்டம் பார்க்காமல் வாருகிறார் என்பதற்காகவும்தான். தலைமதகின் அடிமட்டத்தையும் வயல் மடைகளின் உயரத்தையும் கணக்கில் கொள்ளாமல் படுகையை ஆழத் தோண்டிவிட்டால், பார்வைக்குத் துப்புரவாகத் தெரியும் அந்த வாய்க்காலில் தண்ணீர் கீழேயே ஓடிவிடும், வயலுக்கு ஏறாது. எவ்வளவு எடுக்கலாம் என்பது அந்த வாய்க்காலில் பல ஆண்டுகள் பாசனம் பார்த்தவருக்குத்தான் தெரியும். உங்கள் பராமரிப்பாளர் கவலைப்படுவதும் இந்த மட்டத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். அதை அவர் சரியான சொற்களில் சொல்லவில்லை.

பழைய நிரலை நீக்கும் உரிமை, அது அங்கே ஏன் வந்தது என்று தேடி அறிந்தவருக்கும், நீக்கிய பிறகு வரும் விளைவுகளுக்குப் பதில் சொல்ல அங்கேயே இருப்பவருக்கும் உரியது என்பது என் உறுதியான கருத்து. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான டெபியனில் நடந்த ஒரு நிகழ்ச்சி. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் போன்ற கருவிகள், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் நிரலில் இரண்டு வரிகளைக் காட்டி, மதிப்பு இடப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுவதாக எச்சரித்துக்கொண்டிருந்தன. 2006இல் டெபியனில் அந்தத் தொகுப்பைப் பராமரித்தவர் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டார். அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களிடம் முன்கூட்டியே கேட்டார். பிழை தேடுவதற்கு உதவுமானால் எடுக்கலாம் என்ற பொருளில் பதிலும் வந்தது. அவற்றில் ஒரு வரி போனதால் பெரிய கேடில்லை. மற்றது, ரகசியச் சாவிகளை உருவாக்கத் தேவையான ரேண்டம் மதிப்புகளைச் சேமிப்பில் கலக்கும் வரி. அது போன பிறகு, ஒரு சாவியை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்த எஞ்சியிருந்தது ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் பிராசஸ் எண் மட்டுமே. அதன் வழக்கமான உச்சவரம்பு 32,768. யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய சாவி, ஒரு வகைக் கணினிக்கு, ஒரு வகைச் சாவிக்கு, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 2008 மே 13 அன்று டெபியன் இதை அறிவிக்கும் வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, டெபியனிலும் அதைத் தழுவிய உபுண்டுவிலும் அந்த நூலகத்தைக் கொண்டு உருவாக்கப்பட்ட சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று.

இதில் என்னை மிகவும் பாதிப்பது, அந்த மாற்றம் டெபியனின் தொகுப்பில் மட்டுமே இருந்தது என்பதுதான். மூலத் திட்டமான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு முறையான பேட்சாகப் போயிருந்தால், அந்த நிரலை அறிந்தவர்கள் அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு சேர்த்துப் பார்த்திருப்பார்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். நீங்கள் பேட்ச்களை மூலத் திட்டத்துக்கே அனுப்புகிறீர்கள். அவை திரும்பி வந்தாலும் அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பேட்ச் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். இருபது ஆண்டு பழைய மென்பொருளுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வெளியீட்டுக் கிளைகள் (தனித்தனியாகப் பேணப்படும் பதிப்பு வரிசைகள்) உயிரோடு இருக்கும். பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தால் அதைப் பழைய கிளைகளிலும் ஏற்ற வேண்டும். இடையில் நீங்கள் ஃபங்ஷன்களை வேறு கோப்புக்கு மாற்றியிருந்தால் அந்தத் திருத்தம் அங்கே பொருந்தாது. ஒவ்வொரு கிளைக்கும் தனியாகக் கையால் எழுத வேண்டியிருக்கும், அப்படி அவசரத்தில் எழுதும்போதுதான் புதிய பிழைகள் நுழைகின்றன. இன்னொன்று வரலாறு. ஒரு வரியை யார், எதற்காக எழுதினார்கள் என்று நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பிளேம் கட்டளையைக் கொண்டு தேடினால், இடைவெளியைச் சீர்செய்தவரின் பெயரே முன்னால் வந்து நிற்கும். அத்தகைய கமிட்களை, அதாவது பதிவான மாற்றங்களை, தாண்டிப் பார்க்கும் வசதி 2019இல் வெளிவந்த கிட் 2.23இல் சேர்க்கப்பட்டது என்றாலும், அதற்கான பட்டியலை யாராவது தொடர்ந்து பேண வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஆவணங்களே, எழுத்து நடையைத் திருத்துவதற்கு மட்டும் வரும் பேட்ச்கள் இரைச்சலாகக் கருதப்படும் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. உங்கள் பேட்ச்கள் அந்த வகை அல்ல. ஆனால் நாள் முடிவில் பேட்ச்களைப் படிக்க உட்காரும் களைத்த மனிதருக்கு, முதல் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும், "ஓடிக்கொண்டிருக்கிறது" என்பதை ஒரு காரணமாக நான் ஏற்கவில்லை. நிரல் மாறாமல் இருக்கலாம். அதைச் சுற்றியுள்ளவை மாறிக்கொண்டே இருக்கின்றன. 2024இல் வந்த ஜிசிசி 14 என்ற சி கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி), முன்கூட்டி அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைக்கும் பழைய சி நிரலை, எச்சரிக்கையோடு விட்டுவிடாமல் பிழை என்றே நிறுத்திவிடுகிறது. அதனால் பல ஆண்டுகளாக யாரும் திறந்து பார்க்காத எத்தனையோ நிரல்கள் ஒரே நாளில் கம்பைல் ஆகாமல் நின்றன. நேரத்தைக் குறியுடைய (கூட்டல், கழித்தல் குறி கொண்ட) 32 பிட் முழு எண்ணாக வைத்திருக்கும் நிரல்கள் 2038 ஜனவரி 19க்குப் பிறகு தவறான நேரத்தைக் காட்டும். உங்களிடம் ஒப்படைக்க நினைக்கும் பகுதி வட்டில் பதிவு எழுதுவது என்கிறீர்களே, அந்தக் கோப்பு வடிவத்தில் நேரம் எத்தனை பிட்டில் எழுதப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். தொடாமல் வைத்திருப்பதால் பாதுகாப்பாக இருக்கும் நிரல் என்று ஒன்று இல்லை.

துப்புரவு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு, லினக்ஸ் கெர்னலின் பெரிய பூட்டு நீக்கப்பட்ட கதை. 1996இல் வந்த 2.0 பதிப்பில், ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர்களை ஆதரிப்பதற்காகக் கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு பிராசஸர் மட்டும் அந்த நிரலை ஓட்டும்படி செய்யும் ஏற்பாடு) போடப்பட்டது. விரைவாக ஓடவைக்க அது நல்ல வழி. பிராசஸர்கள் பெருகியபோது அதுவே பெரிய தடையாயிற்று. எடுப்பது எளிதாக இல்லாமல் போனதற்குக் காரணம் அதன் விசித்திரமான இயல்புகள்: பூட்டை வைத்திருக்கும் பிராசஸ் உறங்கப் போனால் பூட்டு தானே விடுபடும், எழுந்தால் மீண்டும் பிடித்துக்கொள்ளும், வைத்திருப்பவரே அதை மறுபடியும் எடுக்கலாம். பல இடங்களில் அது எந்தத் தரவைக் காக்கிறது என்று எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே அவர்கள் பூட்டை ஒரேயடியாக எடுக்கவில்லை. பொதுவான இடத்தில் இருந்ததை ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் (வன்பொருளை இயக்கும் நிரலுக்குள்ளும்) கீழே இறக்கினார்கள். நிரலின் நடத்தை அப்படியே இருந்தது, ஆனால் "இந்த டிரைவருக்கு இது உண்மையில் தேவையா?" என்ற கேள்வி இப்போது ஒரு சிறிய கோப்புக்குள் அடங்கிவிட்டது. தேவை இருந்த இடத்தில் தனிப் பூட்டு போட்டார்கள். இல்லாத இடத்தில் நீக்கினார்கள். 2011இல் வந்த 2.6.39 பதிப்பில்தான் கடைசித் துணுக்கும் வெளியேறியது. பதினைந்து ஆண்டுகள். அறியாமையைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனியாகத் தீர்த்த அந்தப் பொறுமையை நீங்கள் கற்க வேண்டும். உங்கள் மென்பொருளில் மூன்று இடங்களில் ஒரே வேலையைச் செய்யும் நிரலுக்கும் இதே வழி பொருந்தும். மூன்றையும் ஒன்றாக்கும் பேட்சை அனுப்பாதீர்கள். முதலில் மூன்றும் எங்கே வேறுபடுகின்றன என்று காட்டும் சோதனைகளை அனுப்புங்கள். அந்த வேறுபாடுகளில் ஒன்றாவது யாரோ ஒரு பயனர் வேண்டிக் கேட்டதால் வந்ததாக இருக்கும்.

நீக்கத்தைத் துணிவோடு செய்யவும் ஒரு முறை உண்டு. 2018இல் லினக்ஸ் 4.17 வெளியானபோது, பிளாக்ஃபின், கிரிஸ், டைல் உள்ளிட்ட எட்டு பிராசஸர் வகைகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டு, ஏறத்தாழ 5 லட்சம் வரிகள் வெளியேறின. அதைச் செய்த ஆர்ண்ட் பெர்க்மன், இவற்றை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா, பராமரிக்கிறார்களா என்று உரியவர்களிடம் கேட்டுத்தான் செய்தார். ஹெக்ஸகன், யூனிகோர்32 ஆகிய இரண்டும் கேள்விக்குள்ளாகி, அவற்றைக் கவனிக்க ஆள் இருப்பது தெரிந்ததால் தப்பின. உங்கள் இஃப்டெஃப்களுக்கும் இதையே செய்யலாம்: ஒரு வெளியீட்டின் குறிப்பில் அறிவித்து, அடுத்ததில் எச்சரித்து, அதற்கடுத்ததில் நீக்குவது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தினர் ஓபன்எஸ்எஸ்எல்லைப் பிரித்தெடுத்து, லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பெயரிட்டு, முதல் வாரத்திலேயே 90,000 வரிகளை நீக்கியதை நீங்கள் முன்மாதிரியாக நினைக்கக்கூடும். அவர்களால் முடிந்தது, பழைய இயங்குதளங்களின் பயனர்களுக்கு அவர்கள் கடமைப்பட்டிருக்கவில்லை என்பதால். உங்கள் பராமரிப்பாளர் அந்தப் பயனர்களுக்குக் கடமைப்பட்டவர்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களைப் பொறுப்பேற்கச் சொன்னதே அவர் உங்கள் பேட்ச்களுக்குத் தந்த பதில் என்று நான் வாசிக்கிறேன். நீக்கிவிட்டுப் போய்விடுவீர்களோ என்பதுதான் அவர் அச்சம். அடுத்த ஆண்டு ஒரு பயனர் தன் பதிவுக் கோப்பு திறக்கவில்லை என்று எழுதும்போது அதைப் பார்க்க நீங்கள் இருப்பீர்கள் என்று தெரிந்தால், அவரால் உங்களுக்கு வழிவிட முடியும்.

ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கு நூலகத்தை நீண்டகாலம் ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்துக் களைத்திருந்தார். உதவ வந்தவர்போல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேட்ச்கள் அனுப்பி, இணைப் பராமரிப்பாளராகிவிட்ட ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ரகசியமாக உள்ளே நுழைய வழிசெய்யும் பின்கதவு ஒன்றை நுழைத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். தீய நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிக்கப்பட்டிருந்தது; அதை இயக்கிவைத்த ஸ்கிரிப்ட் கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. யாரும் விரும்பிப் படிக்காத பில்டு ஸ்கிரிப்ட்கள்தான் அதற்கு மறைவிடமாயின. உங்களைப் போன்ற துப்புரவாளர்கள் அந்தப் பகுதிகளுக்கு எவ்வளவு தேவை என்பதை இது காட்டுகிறது. அதேநேரம், நீங்கள் வரும் பாதையும் அந்த ஏமாற்றுக்காரர் வந்த பாதையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. எனவே உங்கள் பேட்ச்களை அவர்கள் மெதுவாகவும் ஐயத்தோடும் படித்தால் மனம் கசக்க வேண்டாம். அப்படிப் படிக்கும் திட்டத்தில் இருப்பதே நல்லது.

பொறுப்பேற்ற பிறகு சில மாதங்கள் எதையும் நீக்காதீர்கள். முதலில் அந்தப் பகுதியைப் பற்றி வந்து பதிலின்றிக் கிடக்கும் பிழை அறிக்கைகளுக்குப் பதில் எழுதுங்கள். மற்றவர்களின் பேட்ச்களைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு பழைய வெளியீட்டிலும் உருவான பதிவுக் கோப்புகளில் ஒன்றிரண்டைச் சேகரித்து, இன்றைய நிரல் அவற்றை வாசிக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் சேருங்கள். திரும்பி வந்த பேட்ச்களில் எது எந்தப் பழைய கிளையைப் பாதிக்கும் என்று குறித்துக்கொண்டு, அந்தக் கிளைகளுக்கான ஆதரவு எந்த மாதத்தில் முடிகிறது என்று அவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். கமிட் குறிப்பில், அந்த வரி எந்த ஆண்டு, எந்தத் தேவைக்காக வந்தது, அந்தத் தேவை எப்போது தீர்ந்தது என்ற மூன்றையும் எழுதி, ஆதரவு முடியும் தேதிக்குப் பின் அவற்றை ஒவ்வொன்றாக மறுபடியும் அனுப்புங்கள்.

அன்புடன்.