தூக்கிக் கட்டிய ஜிப்ஸி: ராலிக்காரர்களின் கேள்விகள்

இமயமலை ராலிக்கு மாருதி ஜிப்ஸி (ஜீப் வகை வண்டி) தயார் செய்கிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு வண்டியை 2 அங்குலம் தூக்கினோம் சார். 60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் அலைகிறது, அடியில் அதிர்வு. வீல் பேலன்ஸ் செய்தும் போகவில்லை.

வீலை விடுங்கள். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும். அப்படியானால் நீங்கள் 4 அங்குலம் நீட்டியிருக்கிறீர்கள். அது ரொம்ப அதிகம். ஜிப்ஸியில் முன் கமான் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருப்பதால், அது நீள நீள ஆக்சில் சாய்ந்து காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஷேக்கிளைக் குறையுங்கள், மிச்சத்தைக் கமான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் ஆப்புத் தகடு சரிசெய்யும். அதிர்வுக்குக் காரணம் வேறு. ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடியிருக்கும். அதன் மூட்டான கிராஸின் கப்பைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி தெரிந்தால் கிராஸ் முடிந்தது.

இமாச்சலின் கிராம்ஃபூ–காசா வழியில் ஓடைகளைக் கடந்த மறுநாள் பின் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சிலில் உள்ள கியர் பெட்டி) கத்தியது. ஆயில் டீ நிறத்தில் வந்தது.

தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் பனி உருகிய நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (காற்றுத் துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதருக்கு ஹோஸ் மாட்டி இன்ஜின் அறைவரை உயர்த்திக் கட்டுங்கள்; செலவு அற்பம். முகாமில் ராத்திரி முழுக்க வண்டி நின்றபின், விடியற்காலையில் டிரெயின் பிளக்கை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் சொட்டுவது தண்ணீரானால் ஆயிலை மாற்றாமல் கிளம்பாதீர்கள். அங்கே வெயில் ஏற ஏற பனி உருகி மாலையில் ஓடை பெருகும் என்பதால், ரெக்கி (போட்டிக்கு முன் வழி பார்க்க) போகும்போதாவது காலையிலேயே கடந்துவிடுங்கள்.

பழைய கார்புரேட்டர் வண்டி. லடாக்கின் தங்லங் லா கணவாய் ஏற்றத்தில் கரும்புகை, இழுவையே இல்லை.

5300 மீட்டருக்கு மேல் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். பெட்ரோல் அதற்கேற்பக் குறைவதில்லை. சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போட்டால் புகை நிற்கும். போன பவர் முழுதாகத் திரும்பாது. கழற்றிய ஜெட்டை டேப் போட்டு டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். மணாலிக்கு இறங்கியதும் மாட்ட மறந்தால் வால்வு கருகும்.

ஏற்றத்தில் சூடாகிறது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) கழற்றிவிட்டார். சரியா?

இல்லை. திரும்பப் போடச் சொல்லுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்துவைப்பது ரேடியேட்டர் மூடிதான். அதன் ரப்பரைப் பாருங்கள். கிரில்லுக்கு முன்னால் நான்கு லைட் வரிசையாக மாட்டியிருக்கிறீர்களா? ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அவை மறைக்கும்; பகல் ஸ்டேஜுக்கு (போட்டிக் கட்டத்துக்கு) அவற்றைக் கழற்றுங்கள்.