மாமா சொன்ன தொகையை எழுதாதே

போன ஞாயிற்றுக்கிழமை கரூரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அப்பா பெட்ஷீட் தறி ஓட்டுகிறவர். மகள் பி.டெக். ஜவுளித் தொழில்நுட்பம் முடித்திருக்கிறாள். கூடவே தாய்மாமா. மகள் விண்ணப்பிப்பது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் பரிசோதனைக் கூட வேலைக்கு. விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது, 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டம் மட்டும் நான்கு நாளாகக் காலியாக இருக்கிறது.

"ஆறு லட்சம்னு போடச் சொல்றேன் சார். குறைச்சுப் போட்டா மதிக்க மாட்டான்" என்றார் மாமா. அவருடைய அண்ணன் மகன் சென்னையில் ஐ.டி.யில் அவ்வளவு வாங்குகிறானாம். அப்பாவுக்கோ அதிகமாகக் கேட்டு வேலையே போய்விடுமோ என்று பயம். "கம்பெனி விதிப்படி எது தந்தாலும் சரின்னு எழுதிடலாமா?" என்று கேட்டார்.

இரண்டுமே தவறு என்றேன். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தொகையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. அங்கே பேச்சுக்கு இடமே இல்லாததால் அந்தக் கதையை இங்கே இழுக்க வேண்டாம். 'எது தந்தாலும் சரி' என்பதும் பணிவு ஆகாது. கேட்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது, குறைவாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றுதான் தோன்றும்.

பிறகு அந்தப் பெண்ணிடம் ஒரு தாளைக் கொடுத்து, மாதச் செலவை எழுதச் சொன்னேன். மாமாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஹாஸ்டல், சாப்பாடு 6,500. கல்விக் கடன் தவணை 5,200. பஸ், போன், சில்லறைச் செலவு 2,500. வீட்டுக்கு 5,000. மொத்தம் 19,200 ரூபாய். இதற்குக் கீழே போனால் அப்பாதான் பணம் அனுப்ப வேண்டியிருக்கும். ஆக, இவளுடைய அடித்தளம் கைக்கு வரும் 20,000. சொந்தக்காரர்கள் சொல்வதை வைத்து இந்த எண் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

ஆனால் கம்பெனிகள் பேசுவது சி.டி.சி. கணக்கில், அதாவது ஒரு ஊழியருக்காக ஆண்டுக்குக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகையில். ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000 என்று வீட்டில் வகுத்துவிடுவார்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 12,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், 1,500. பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம், ஏறத்தாழ 600. இரண்டையும் பெரும்பாலும் அந்த 25,000-க்குள்ளேயே காட்டிவிடுவார்கள். அப்புறம் நம் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. தொழில் வரியும் போனால் கைக்கு வருவது 21,000 சொச்சம். பி.எஃப். நம் சேமிப்புதான், ஆனால் அதை வைத்து ஹாஸ்டல் வாடகை கட்ட முடியாது. பிரிக்கும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், பிரிப்பு விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இவளுக்கு 2.9 முதல் 3.4 லட்சம் வரை என்று வைத்தோம். கீழ் எண்ணை இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது, எதிரில் இருப்பவர் காதில் அதுதான் விழும். அதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் போய்ச் சேர முடிகிற எண்ணாக இருக்கட்டும். கட்டத்தில் இந்த வீச்சை எழுதிவிட்டு, கூட அனுப்பும் மின்னஞ்சலில் இப்படிச் சேர்க்கச் சொன்னேன்:

"இந்தப் பணியின் பொறுப்புகளையும் திருப்பூரில் தங்கும் செலவையும் கணக்கில் வைத்து, ஆண்டுக்கு 2.9 முதல் 3.4 லட்சம் ரூபாய் வரை எதிர்பார்க்கிறேன். தங்குமிடமோ வாகன வசதியோ நிறுவனம் தருமானால் இதைக் குறைத்துப் பேசவும் தயார். மாதம் கைக்கு வரும் தொகையின் பிரிப்பு விவரத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

'தயவுசெய்து', 'தாழ்மையுடன்' எல்லாம் நாலு தடவை போட வேண்டாம். போனில் ஹெச்.ஆர். திடீரென்று கேட்டால், "வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொல்லட்டுமா சார்?" என்று ஒரு முறை சொல்லலாம். மறுபடி கேட்டால் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த அமைதி தாங்காமல் "கம்மியா இருந்தாலும் பரவாயில்ல சார்" என்று நாமே இறங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

மாமா விடவில்லை. "லேப் வேலைன்னு வெளியில எப்படிச் சொல்றது, சென்னைக்குப் போய் ஐ.டி. கோர்ஸ் சேரட்டுமே" என்றார். அந்தப் பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பதை, எப்படிப் பார்ப்பீர்கள் என்று நான் சும்மா கேட்டேன். நூறு சதுர சென்டிமீட்டருக்கு வட்டமாக வெட்டி, கிராமில் எடை போட்டு, நூறால் பெருக்குவது என்று ஆரம்பித்தவள் சாயம் போவதை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பது வரை பத்து நிமிஷம் பேசினாள். இவளை எதற்காக வேறு கோர்ஸில் உட்கார வைக்க வேண்டும்? அதற்குக் கட்டும் பணத்தைக் கல்விக் கடனில் கட்டுங்கள் என்றேன்.

கிளம்பும்போது அப்பா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். வேறொரு கம்பெனியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 30,000 ரூபாய் 'டெபாசிட்' கேட்கிறானாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்திலும் சேர வேண்டாம். ஆஃபர் லெட்டர் வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன் பிரிப்பு விவரத்தையும், இத்தனை வருஷம் விலகக் கூடாது என்ற பாண்ட் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.